புதைந்தே கிடந்தால் பிழைத்துவிடுமா?

பழைய புதைமேடுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இப்போது விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். ரேடார் இருக்கிறது, காந்தமானி இருக்கிறது, மண்ணின் மின்தடையை அளக்கக் கருவி இருக்கிறது. மேலே நடந்தபடியே உள்ளே கிடப்பதைப் படம் பிடித்துவிடலாம், பிறகு மண்வெட்டி எதற்கு? தோண்டுவது என்றாலே அழிப்பதுதான். இருக்கிறபடி விட்டுவிடுவோம், நம்மைவிட நல்ல கருவிகளோடு வரப்போகும் தலைமுறை பார்த்துக்கொள்ளட்டும். கேட்க எவ்வளவு பணிவாக இருக்கிறது! கருத்தரங்கில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். அரசாங்கங்களுக்கோ இதைவிடப் பிடித்த கொள்கை வேறு இருக்க முடியாது, செலவே இல்லாத கொள்கை ஆயிற்றே.

இது தவறு என்பது என் கட்சி. கருவிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அளந்து பார்க்காமல் ஒரு மேட்டில் மண்வெட்டி வைப்பவரை அகழாய்வாளர் என்று நான் மதிக்கமாட்டேன். அதில் மறுபேச்சு இல்லை. அகழாய்வுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலையை அகழாய்வுக்குப் பதிலான வேலையாக்கிவிட்டார்களே, என் சண்டை அதனோடுதான்.

இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்பது புரியாமல் இல்லை. 1800-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் வில்ட்ஷர் பகுதியில் ரிச்சர்ட் கோல்ட் ஹோரும் வில்லியம் கன்னிங்டனும் நூற்றுக்கணக்கான புதைமேடுகளைத் திறந்தார்கள். மேட்டின் நடுவே ஒரு குழி. கிடைத்ததை எடுத்துக்கொண்டு அடுத்த மேட்டுக்கு நடை. அவர்களாவது குறிப்பு எழுதி, படம் வரைந்து, புத்தகம் போட்டார்கள். பின்னால் வந்த பலர் அதையும் செய்யவில்லை. அந்தப் பாவத்துக்கெல்லாம் பிராயச்சித்தம்போல 1992-இல் மால்டாவின் வலெட்டா நகரில் ஓர் ஐரோப்பிய உடன்படிக்கை கையெழுத்தானது. முடிகிற இடங்களில் சேதமில்லாத ஆய்வுமுறைகளைக் கையாளுங்கள், கூடுமானவரை தொல்லிடங்களை இருந்த இடத்திலேயே காப்பாற்றுங்கள் என்றது அது. நியாயமான வாசகங்கள்தான். அவற்றில் இருந்த நிபந்தனைதான் காலப்போக்கில் உதிர்ந்துபோய், தோண்டாமல் இருப்பதே அறம் என்று ஆகிவிட்டது.

இந்த அறத்தைச் சோதித்துப் பார்க்க நார்வேயின் யெல்லெஸ்டாட் போல ஓர் இடம் கிடையாது. தென்கிழக்கு நார்வேயில், சுவீடன் எல்லைக்குப் பக்கத்தில் உள்ள ஹால்டன் வட்டாரத்தின் வயல்வெளி அது. யெல் மேடு என்ற பெரும் புதைமேடு ஒன்று அங்கே கண்ணுக்குத் தெரிய நிற்கிறது. நாட்டின் மிகப் பெரிய மேடுகளில் ஒன்று. பக்கத்து வயலிலோ ஒன்றும் தெரியாது. உழுது உழுது சமமாகிப்போன நிலம். அங்கே வடிகால் வெட்ட வேண்டும் என்று நிலத்துக்காரர் விண்ணப்பித்தார்; முதலில் அளந்து பார்க்க வேண்டும் என்றது மாவட்ட நிர்வாகம். 2018-இல் நிக்கு என்று சுருக்கமாக அழைக்கப்படும் நார்வேயின் பண்பாட்டு மரபு ஆய்வு நிறுவனம், வண்டியில் பொருத்திய உயர்நுணுக்க ரேடாரை அந்த வயலில் ஓட்டியது. தரைக்கு அரை மீட்டர் கீழே, ஏறக்குறைய 20 மீட்டர் நீளத்துக்கு ஒரு கப்பலின் வடிவம் படத்தில் வந்தது. சுற்றிலும் உழவில் கரைந்துபோன வேறு மேடுகளின் வளையங்கள், நீள்வீடுகளின் தடங்கள்.

இதைவிடப் பெரிய வெற்றியைக் கருவிக்காரர்கள் கேட்க முடியாது. ரேடார் இல்லாவிட்டால் வடிகால் அந்தக் கப்பலின் குறுக்கே போயிருக்கும். அந்தப் பெருமையை நான் குறைக்கப் போவதில்லை. கொள்கைப்படி அடுத்து என்ன செய்திருக்க வேண்டும்? படம் கிடைத்தாயிற்று, வடிகாலை வேறு பக்கம் திருப்பிவிட்டு, வேலி போட்டு, பலகை ஒன்று நட்டுவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும்.

நல்லவேளை, அவர்கள் அப்படிக் கிளம்பவில்லை. 2019-இல் ஒரு சோதனைக் குழி வெட்டிக் கப்பலின் ஏரா மரத்தைத் தொட்டார்கள். மரத்தைப் பூஞ்சை தின்றுகொண்டிருந்தது. வயலின் வடிகால்கள் நிலத்தடி ஈரத்தை இழுத்துவிட, ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஈரத்தில் காற்றுப் படாமல் கிடந்த மரம் காய்ந்தும் நனைந்தும் உளுத்துக்கொண்டிருந்தது. கப்பல் இருக்கிறது என்று சொன்ன ரேடார், அது செத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லவில்லை. சொல்லும் வேலை அதற்குக் கிடையாது. மின்காந்த அலை மண்ணுக்குள் போய், மின்தன்மை மாறும் எல்லையில் மோதித் திரும்பி வரும் நேரத்தை அது கணக்கிடுகிறது, அவ்வளவுதான். பூஞ்சையைப் பார்க்க ஒரு மனிதர் குழிக்குள் இறங்கி மரத்தில் ஒரு துண்டு வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

அதன் பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 2020 மே மாதம் நார்வே அரசு 1 கோடியே 56 லட்சம் குரோனர் ஒதுக்கியது. அந்தக் கோடையிலேயே ஓஸ்லோ பல்கலைக்கழகத்தின் பண்பாட்டு வரலாற்று அருங்காட்சியகம் அகழாய்வைத் தொடங்கியது. 1904-இல் ஓசெபர்க் கப்பலைத் தோண்டியதற்குப் பிறகு நூறாண்டுக்கும் மேல் கழித்து அந்த நாட்டில் நடந்த கப்பல் அடக்க அகழாய்வு. ஓசெபர்க்கைப் போல முழுக் கப்பல் எழுந்து வரவில்லை. மரத்தில் பெரும்பகுதி மட்கிப்போயிருந்தது. ஆனால் பலகைகளைப் பிணைத்த ஆணிகள் ஆயிரத்துக்கும் மேல், துருப்பிடித்து, அடித்த இடத்திலேயே வரிசை பிசகாமல் கிடந்தன. ஒவ்வொன்றின் இடத்தையும் சாய்வையும் பதிந்துகொண்டால் இல்லாத பலகை எப்படி வளைந்திருந்தது என்பது தெரிந்துவிடும். கப்பல் எட்டாம் நூற்றாண்டின் இறுதியையோ ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்தது என்று தெரிந்தது. பழைய காலத்திலேயே யாரோ மேட்டை உடைத்து உள்ளே புகுந்திருக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. இதில் எதையும் 2018-இன் படத்தைப் பார்த்து யாரும் சொல்லியிருக்க முடியாது.

மரமே மிச்சமில்லாத கப்பலைத் தோண்டி என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் வாதத்தை அவர்களே கவிழ்த்துக்கொள்கிறார்கள். மரம் ஏன் மிச்சமில்லை? இத்தனை காலம் தோண்டாமல் விட்டதால்தான். 1880-இல் தோண்டிய கோக்ஸ்டாட் கப்பல் இன்று அருங்காட்சியகத்தில் முழு உருவோடு நிற்கிறது. அதையும் ஏதோ ஒரு புண்ணியவான் வருங்காலத்துக்கென்று விட்டுவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வயிற்றில் கட்டி இருப்பதை ஸ்கேனில் பார்த்துவிட்டு, சிகிச்சையை உங்கள் பேரன் காலத்து டாக்டர்கள் இன்னும் நன்றாகச் செய்வார்கள், போய்வாருங்கள் என்று நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதற்கும் இந்தக் கொள்கைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"வருங்காலத் தலைமுறை" என்ற வாதத்தின் அடியில் சொல்லப்படாத ஒரு நம்பிக்கை கிடக்கிறது: மண் என்பது பூட்டிய பெட்டகம், வைத்தது வைத்தபடி இருக்கும் என்பது. மண்ணைப் பற்றி எதுவும் தெரியாதவர்களே இப்படி நம்ப முடியும். வடகிழக்கு இங்கிலாந்தில் ஸ்டார் கார் என்ற இடைக் கற்கால இடம் இருக்கிறது. புதைமேடு அல்ல, ஏரிக்கரைக் குடியிருப்பு. ஆனால் பாடம் ஒன்றே. 1949 முதல் 1951 வரை கிரகாம் கிளார்க் அங்கே தோண்டியபோது கரிச் சதுப்பு மண்ணுக்குள் எலும்பும் கொம்பும் அற்புதமாகப் பிழைத்திருந்தன. மான்கொம்புத் தலையணிகள்கூடக் கிடைத்தன. மிச்சம் பத்திரமாக இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். அரை நூற்றாண்டுக்குப் பின் ஆய்வாளர்கள் திரும்பிப் போனபோது, வயல் வடிகால்களால் நிலம் காய்ந்து, மண்ணில் அமிலம் ஏறி, சில எலும்புகள் கூழ்போல மென்மையாகிவிட்டிருந்தன. ஆல்ட்டாய் மலைகளிலோ, இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாகப் பனிக்கட்டிக்குள் உடலும் துணியும் கெடாமல் காத்த பசிரிக் கல்மேடுகளுக்கு உலகம் சூடாவதே பகையாகிவிட்டது. பனி உருகினால் உள்ளே இருப்பது ஒரு சில கோடைகளில் அழுகிவிடும். பூஞ்சைக்கும் அமிலத்துக்கும் அடுத்த தலைமுறைக்காகக் காத்திருக்கும் வழக்கம் இல்லை.

இனி, கருவி என்ன காண்கிறது என்ற கேள்விக்கு வருவோம். "பார்த்துவிட்டோம்" என்று சொல்கிறார்களே, எதைப் பார்த்தார்கள்? ரேடாருக்கு நிறம் தெரியாது. அகழாய்வில் பாதி வேலை நிறத்தோடுதான். இங்கிலாந்தின் சட்டன் ஹூவில் 1939-இல் பேசில் பிரவுன் ஒன்றாம் எண் மேட்டைத் திறந்தபோது 27 மீட்டர்க் கப்பலின் மரம் முழுவதும் மறைந்து, மணலில் அதன் அச்சும் வரிசை வரிசையாக ஆணிகளும் மட்டும் இருந்தன. அந்த ஆணிகளைப் பிடுங்காமல், மணலின் சாயலைக் கண்ணால் பின்தொடர்ந்து அவர் கப்பலை வெளியே கொண்டுவந்தார். பின்னாளில் மார்ட்டின் கார்வர் குழுவினர் அதே இடத்தில் தோண்டியபோது அமில மணலில் எலும்பும் கரைந்துபோன மனிதர்கள் கிடைத்தார்கள்: கறுத்த மணலாகவே மிஞ்சிய உடல்கள். தலை, முதுகு, மடக்கிய கால் எல்லாம் மண்ணின் நிறத்தில் ஒரு நிழல். கரண்டியை எங்கே நிறுத்துவது என்று தெரிந்த ஒரு கை அங்கே வேண்டியிருந்தது.

ரேடாருக்கு வயதும் தெரியாது. ஆழத்தைச் சொல்லும், காலத்தைச் சொல்லாது. நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் நெல் கிடைத்தது. அதைக் கரிமக் கணிப்புக்கு அனுப்பி கி.மு. 1155 என்று விடை வந்ததை 2021-இல் தமிழ்நாடு சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். சுட்ட மண்ணுக்குக் காந்தத்தன்மை உண்டு, ஆகவே இங்கே ஒரு தாழி இருக்கலாம் என்று காந்தமானி கைகாட்டக்கூடும். தாழிக்குள் ஒரு பிடி நெல் இருக்கிறது என்று எந்தக் கருவி சொல்லும்? பொருநைக் கரையின் காலக்கணக்கையே மாற்றிய அந்த விடை, தாழியைத் திறந்து உள்மண்ணைச் சலித்ததால் வந்தது.

படம் தானாகப் பேசுவதில்லை என்பதை உலகம் முழுக்க வேடிக்கை பார்த்த சம்பவம் ஒன்றும் உண்டு. எகிப்தின் துட்டன்காமன் கல்லறைச் சுவருக்குப் பின்னால் ரகசிய அறைகள் உண்டு என்று 2015-இல் நிக்கோலஸ் ரீவ்ஸ் சொன்னார். ஜப்பானிய நிபுணர் ஒருவர் ரேடார் பிடித்து, ஆமாம் என்றார். எகிப்தின் தொல்பொருள் அமைச்சர் 90 சதவீதம் உறுதி என்று உலகத்துக்கு அறிவித்தார். அடுத்த ஆண்டு வேறொரு குழு அதே சுவரை அளந்தது, அறை தென்படவில்லை. 2018-இல் இத்தாலியின் டூரின் பொறியியல் பல்கலைக்கழகக் குழு இன்னும் விரிவாக அளந்து, அறை எதுவும் இல்லை என்று முடித்துவைத்தது. ஓவியம் தீட்டிய சுவரில் துளை போடாதது சரிதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே சுவர், அதே வகைக் கருவி, எதிரெதிரான தீர்ப்புகள். சரிபார்க்காத படத்தை வைத்துக்கொண்டு ஒரு மேட்டை "தெரிந்துகொண்டோம்" என்று எழுதி மூடுவது எவ்வளவு துணிச்சல் என்று இதிலிருந்து தெரியவில்லையா?

மண்ணின் குணத்தைப் பொறுத்துப் படமும் மாறும். களிமண்ணும் உப்புநீரும் ரேடார் அலையை விழுங்கிவிடும். ஈரம் ஏறி இறங்கும்போது ஒரே வயல் ஒரு மாதம் காட்டியதை இன்னொரு மாதம் காட்டாது. அதனால் படத்தில் ஒன்றுமில்லை என்றால் மண்ணில் ஒன்றுமில்லை என்று பொருளாகாது. நாளைக்குச் சாலை போட வருகிற அதிகாரியோ வெற்றுப் படத்தை வெற்று நிலத்துக்கான சான்றிதழாகவே படிப்பார். தோண்டாமை அறம் பேசுகிறவர்கள் இந்த ஆபத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை.

பார்த்துவிட்டுப் போவது என்ற பழக்கத்துக்கு ஒரு மூதாதையர் உண்டு. மிலான் நகரப் பொறியாளர் கார்லோ லெரிச்சி, 1950-களில் இத்தாலியின் செர்வெத்தேரி, தார்க்குவினியா இடுகாடுகளில் மின்தடை அளவியால் எட்ருஸ்கக் கல்லறைகளைத் தேடினார். இடம் தெரிந்ததும் மேலிருந்து துளையிட்டு, கேமரா பொருத்திய பெரிஸ்கோப்பை உள்ளே இறக்கிப் படமெடுப்பார். ஆயிரக்கணக்கான கல்லறைகள் இப்படித் தெரிய வந்தன. அபாரமான மூளை, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கருவி கல்லறையைப் பார்த்துக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: உள்ளே ஓவியமோ பொருளோ இருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த கல்லறை. 1958-இல் அவர் கண்ட ஒலிம்பிக் விளையாட்டுக் கல்லறையின் ஓவியங்கள்கூடக் கண்ட இடத்தில் விட்டுவைத்துக் காக்கப்பட்டவை அல்ல. சுவரிலிருந்து பெயர்த்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்த்தான் காப்பாற்றினார்கள்.

அந்தக் காலத்திலேயே துருக்கியின் கோர்டியனில் ராட்னி யங் செய்ததை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 53 மீட்டர் உயர மேடு. பல துளைகள் போட்டு, கல்லறை மேட்டின் நடுவில் இல்லை, தென்மேற்காக விலகி இருக்கிறது என்று முதலில் கண்டுகொண்டார். 1957-இல் பக்கவாட்டில் சுரங்கம் வெட்டி நேரே மர அறைக்குப் போய்ச் சேர்ந்தார். மேட்டைப் பிளந்து பாழாக்கவில்லை; உள்ளே போகாமலும் இருக்கவில்லை. முன்னாய்வு எதற்காக என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

எதிர்த்தரப்பின் பலமான சாட்சியை நான் மறைக்கப் போவதில்லை. அது சீனாவின் திங்லிங். மிங் பேரரசர் வான்லியின் கல்லறையை 1956-இல் தோண்டத் தொடங்கினார்கள். ஷியா நாய் போன்ற அறிஞர்கள் வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை. வெளியே வந்த பட்டுத் துணிகள் காக்கும் வழி தெரியாமல் கெட்டழிந்தன; சவப்பெட்டிகளைத் தூக்கி எறிந்தார்கள்; பேரரசரின் எலும்புகளை 1966-இல் செங்காவலர்கள் கொளுத்தினார்கள். முழு அகழாய்வு அறிக்கை வர 1990 ஆயிற்று. அதற்குப் பிறகு அரசர் கல்லறைகளைத் தாமாகத் தோண்டுவதில்லை என்று சீனா முடிவு செய்தது. முதல் பேரரசர் ச்சின் ஷி ஹுவாங்கின் மேட்டை 1981-இல் பாதரசத்துக்காகச் சோதித்தார்கள், 2002-2003-இல் புவி இயற்பியல் கருவிகளால் அளந்தார்கள், ஆனால் இன்றுவரை திறக்கவில்லை.

திங்லிங்கில் நடந்தது பெருங்கொடுமை. ஆனால் குற்றவாளி யார்? பட்டைக் காக்க ஆய்வகம் இல்லாமல் அவசரப்பட்டவர்கள், அறிக்கை எழுதாதவர்கள், எலும்பை எரித்தவர்கள். இவர்கள் செய்ததற்கெல்லாம் மண்வெட்டியைத் தூக்கில் போடுவது என்ன நீதி? ச்சின் ஷி ஹுவாங்கின் மேடு காத்திருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஏர் ஓடாது, காவல் உண்டு, ஒரு பேரரசே அதன் பின்னால் நிற்கிறது. அந்த வசதி உலகத்தில் எத்தனை மேடுகளுக்கு வாய்த்திருக்கிறது? அந்த மேடும்கூட முழுக்க மூடியிருக்கிறது என்று சத்தியம் செய்ய முடியாது. 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மேட்டின் மேலுள்ள காற்றில் பாதரசத்தை லேசரால் அளந்து, வெடிப்புகள் வழியே அது கசிந்து வரக்கூடும் என்றது.

அறிக்கை எழுதாத அகழாய்வாளர் என்றதும் தமிழ் வாசகர்களுக்கு ஆதிச்சநல்லூர் நினைவுக்கு வந்திருக்கும். 2004, 2005-இல் மத்தியத் தொல்லியல் துறை அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகளை எடுத்தது. அறிக்கைக்காகப் பதினைந்து ஆண்டு காத்துக்கிடந்தோம். விஷயம் உயர்நீதிமன்றம் வரை போனது. இப்படித் தோண்டுவதற்குத் தோண்டாமலே இருக்கலாம் என்று ஒருவர் சொன்னால் அவர் கோபம் எனக்குப் புரிகிறது. தீர்வுதான் புரியவில்லை. அறிக்கை தராதவருக்கு அடுத்த உரிமம் தராதீர்கள். அதை விட்டுவிட்டு, கல்குவாரிக்கும் வீட்டுமனைக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கும் கல்வட்டங்களிடம் போய் "உங்களை வருங்காலத்துக்காக விட்டுவைக்கிறோம்" என்றால், அவற்றுக்கு அந்த வருங்காலம் எப்படி வந்து சேரும்? அளவாய்வுப் படங்களும் கணினிக் கோப்புகளாகவே தூங்கிக்கொண்டிருக்க முடியும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளியிடாத பாவத்தில் ரேடாருக்கு விலக்கு ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு மறுப்புக்கு நான் தலைவணங்குவேன். 1993-இல் நத்தாலியா பொலோஸ்மாக், ஆல்ட்டாயின் உக்கோக் பீடபூமியில் பனியில் உறைந்திருந்த ஒரு பெண்ணின் உடலை வெளியே எடுத்தார். அங்கே வாழும் மக்கள் அவளைத் தங்கள் பாட்டியாகக் கருதி, திருப்பித் தரச் சொல்லிப் பல ஆண்டு போராடினார்கள். 2012-இல் அவள் கோர்னோ-ஆல்ட்டாய்ஸ்க் நகருக்குத் திரும்பினாள். எங்கள் முன்னோரைத் தொடாதே என்று வாரிசுகள் சொன்னால் அந்தப் பேச்சுக்கு மதிப்பு உண்டு. அவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் தீர வேண்டும். அந்த மறுப்புக்குப் பின்னால் ஓர் உறவு நிற்கிறது. எந்த உறவும் இல்லாத நிபுணர்கள் இன்னும் பிறக்காத நிபுணர்கள் சார்பில் சொல்லும் மறுப்புக்கு அந்த மதிப்பைக் கடன் வாங்கக் கூடாது.

ஆகவே அளவாய்வு அறிக்கை எழுதுகிறவர்களிடம் கேட்பது இதுதான். படத்தோடு நிறுத்தாதீர்கள். மேட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு குழி வெட்டி மண்ணின் ஈரத்தையும் அமிலத்தையும் அளந்து, உள்ளே இருப்பது இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று உங்கள் கணிப்பை எழுதுங்கள். மறுபடி எந்த ஆண்டு வந்து சோதிப்பீர்கள், யார் செலவில் என்றும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இதை எழுத முடியவில்லை என்றால் "தோண்ட வேண்டாம்" என்று பரிந்துரைக்கும் உரிமை உங்களுக்கு இல்லை.